ஏழை உவமையல்லன்

பாட வேளையில் மாணவர்களுக்கு உருவப்படம் காட்டினேன் என்பது என்மீது சாட்டப்பட்டுள்ள குற்றம். காட்டியது உண்மை, மறுக்கப் போவதில்லை. ஆனால் எதைக் காட்டினேன், எதற்காகக் காட்டினேன் என்று கேளாமலே தீர்ப்பு எழுதிவிட்ட நிர்வாகப் பெரியவருக்கு விடை சொல்லும் கடமை எனக்குண்டு. அதே படத்தைப் பார்த்துவிட்டு, "நவீன மனிதனின் அந்நியமாதலைக் காட்டும் அற்புதமான குறியீடு, மாமா!" என்று வியந்த என் சகோதரி மகனுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னவர் படத்தைப் பார்க்கவே மறுத்தார். பின்னவர் பார்த்தும் காணவில்லை. இருவர் பிழையிலும் பெரிது எது என்று கேட்டால், மார்க்கம் கற்பிக்கும் நான் முன்னவரைத்தான் கடிந்துகொள்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை, பின்னவர் பிழையே பெரிது என்பது என் எண்ணம். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

படம் இந்தோனேசியாவைச் சேர்ந்தது. 1956-ல் ஜகார்த்தாவில் பிறந்த டெடே எரி சுப்ரியா என்னும் ஓவியர் 1987–88-ல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. பெயர் 'லாபிரின்'. உள்ளே புகுந்தவர் வெளியேறும் திசை அறியாது சுற்றிச் சுற்றி வரும் புதிர்வழி என்பது அதன் பொருள். இப்பெயரில் அவர் ஒரு வரிசையாகவே தீட்டியிருக்கிறார். நான் சொல்லும் படம் இன்று சிங்கப்பூரின் அரசுக் கலைத் தொகுப்பில் இருக்கிறது. அந்நகரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த அச்சுப் பிரதி வாயிலாகவே நான் அதை அறிவேன்.

அதில் என்ன இருக்கிறது? அட்டைப்பெட்டிகள். எத்திசை நோக்கினும் அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் பொருளை எடுத்துக்கொண்டு தெருவோரம் வீசுகின்ற அதே பழுப்புநிறப் பெட்டிகள், சுவர்களாய் எழுந்து, சந்துகளாய்ப் பிரிந்து, ஒரு நகரமே போல் விரிந்து கிடக்கின்றன. அவற்றிடையே மனிதர், எளியவர், பெட்டிகளின் பெருக்கத்துக்கு முன் சிறுத்துப்போனவர். அட்டையின் மடிப்பும் விளிம்பும் அதன்மேல் விழும் நிழலும் எவ்வளவு துல்லியம் என்றால், கையால் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது.

இவ்வகையைப் புகைப்பட யதார்த்த ஓவியம் என்பர். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் தலையெடுத்த முறை இது. புகைப்படமொன்றை முன்வைத்து, கட்டம் கட்டியோ, ஒளியால் திரையில் வீழ்த்தியோ, அங்குலம் அங்குலமாகப் பெயர்த்துத் தூரிகை பட்ட தடமே தெரியாதபடி முடிப்பார்கள். ரிச்சர்ட் எஸ்டிஸ் என்பவர் நியூயார்க் நகரத்துக் கடைகளின் கண்ணாடிச் சன்னல்களை இவ்வாறு தீட்டிப் புகழ் பெற்றவர். அவர் தெருக்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இராது. கண்ணாடியும் அதில் தெரியும் கட்டடமுமே இருக்கும். டெடே அமெரிக்க முறையைப் பார்த்து எழுதியவர் என்று சிலர் எளிதில் தள்ளிவிடுகிறார்கள். முறை அங்கிருந்து வந்திருக்கலாம். ஆளில்லாத தெருவில் அவர் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

சரி, அரபு மதரஸாவில் இதற்கு என்ன வேலை?

பலாகத் பாடம் நடந்துகொண்டிருந்தது. நம் ஓதும் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் 'முக்தஸருல் மஆனீ'யில் மஜாஸ், கினாயா என்ற இரண்டையும் பிரித்தறிவது மாணவர்களுக்குப் பெருந்தொல்லை. "ஹம்மாமில் ஒரு சிங்கத்தைக் கண்டேன்" என்று ஒருவர் சொன்னால், குளிக்கும் இடத்தில் விலங்கு இருக்க வழியில்லை. ஆகவே வீரர் ஒருவரைக் கண்டார் என்று கொள்கிறோம். சொல்லின் நேர்ப்பொருளைத் தடுத்து நிறுத்தும் அடையாளம், அதாவது கரீனா, அங்கே இருக்கிறது. சிங்கம் போய்விட்டது, வீரர் மட்டும் மிஞ்சினார். இது மஜாஸ். கினாயாவோ வேறு வகை. ஒரு தலைவரைப் பற்றி அரபியர், "சாம்பல் மிகுந்தவர்" என்பர். சாம்பல் மிகுந்தது என்றால் விறகு மிகுதியாக எரிந்தது. விறகு எரிந்தது என்றால் சமையல் மிகுதி. சமையல் மிகுதி என்றால் உண்போர் பலர். உண்போர் பலர் என்றால் விருந்தினர் ஓயாது வந்தனர். ஆகவே அவர் கொடையாளர். இவ்வளவு தூரம் நடந்து கொடைத்தன்மையை அடைந்த பிறகும், புறப்பட்ட இடத்துச் சாம்பல் அங்கேயே இருக்கிறது. அவர் வீட்டுப் பின்புறம் போய்ப் பார்த்தால் மெய்யாகவே சாம்பல் குவிந்திருக்கும். உட்பொருள் வந்ததனால் நேர்ப்பொருள் அழிவதில்லை என்பதே கினாயாவின் இலக்கணம்.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறையும் இதன் உறவினதே. எருமை பொய்கையில் இறங்கித் தாமரையை மேய்ந்தது என்று தோழி சொல்வாள். தலைவன் ஒழுக்கம் தவறியது அதன் உள்ளே இருக்கும். எருமையும் அங்கே மெய்யாகவே மேய்ந்துகொண்டிருக்கும்.

இதை விளக்கத்தான் அந்தப் படத்தைக் காட்டினேன். சாம்பலிலிருந்து கொடை வரை நடந்ததுபோல், அட்டைப்பெட்டியிலிருந்து நடந்து பாருங்கள் என்றேன். பெட்டி இருக்கிறது என்றால் உள்ளே ஒரு பொருள் வந்தது. பொருள் வந்தது என்றால் கப்பல் வந்தது, துறைமுகம் இருந்தது, விலை கொடுத்தவர் இருந்தார். பெட்டி வெறுமையாகிவிட்டது என்றால் பொருள் வேறெவர் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தது. வெறும் பெட்டி எவரிடம் எஞ்சியதோ அவருக்குப் பொருள் கிட்டவில்லை. அரபியரின் சாம்பல் விருந்தினர் உண்டதைச் சொல்கிறது. ஜகார்த்தாவின் பெட்டி உண்ணாதவரைச் சொல்கிறது. அன்று வகுப்பில் கினாயா புரியாதவர் எவரும் இல்லை என்று நினைக்கிறேன்.

இனி என் மருமகனிடம் வருகிறேன். கல்லூரியில் கலைத்திறனாய்வு படித்தவர். 'நுகர்வுப் பண்பாடு', 'அந்நியமாதல்', 'நகர வாழ்வின் நெருக்கடி' முதலிய சொற்கள் அவர் நாவில் தயங்காமல் வரும். அவர் சொல்லும் பொருள்கள் படத்தில் இல்லாமலில்லை. ஆனால் அவற்றைச் சொன்ன மறுகணமே பெட்டிகள் மறைந்துவிடுகின்றன. பெட்டிகளுக்கிடையே நின்றவரும் மறைந்துவிடுகிறார். எஞ்சுவது 'நவீன மனிதன்' என்னும் ஒரு நிழல். அந்நிழலில் என் மருமகனும் அடக்கம், நானும் அடக்கம், பெட்டியிலிருந்த பொருளை வாங்கிக்கொண்டு போனவரும் அடக்கம்! வாங்கியவர், இழந்தவர் எல்லோரும் ஒரே புதிர்வழியில் சிக்கிய பரிதாபத்துக்குரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். இதைவிட வசதியான விளக்கம் செல்வருக்கு வேறு கிடைக்குமா?

அவர் விடவில்லை. "மாமா, அடிவானம் வரை பெட்டிகளே நிறைந்த இடம் ஜகார்த்தாவில் எங்கே இருக்கிறது? இல்லாத ஒன்றைத் தீட்டியிருக்கிறார். நேர்ப்பொருளைத் தடுக்கும் கரீனா அதுதானே? அப்படியானால் உங்கள் கிதாபுப்படியே இது மஜாஸ்" என்றார். என் வாளைப் பிடுங்கி என்னையே வெட்டினார். அன்றிரவு முழுவதும் இதைப் பற்றியே யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கிதாபே விடை தந்தது. முபாலகா, அதாவது உயர்வு நவிற்சி, அளவைக் கூட்டுமேயன்றிப் பொருளை மாற்றாது. தலைவர் வீட்டுச் சாம்பல் மலைபோல் குவிந்தது என்றாலும் அது சாம்பலே, வேறொன்றாகிவிடாது. ஓவியர் பெட்டியின் எண்ணிக்கையைப் பெருக்கினார். ஒரு பெட்டியையேனும் பொய்யாக்கவில்லை. ஒவ்வொன்றையும் நிழல் பிசகாமல் அவ்வளவு பாடுபட்டுத் தீட்டியது எதற்காக? நேர்ப்பொருள் நம் கையைவிட்டு நழுவிவிடக் கூடாது என்பதற்காகவே என்று நான் கொள்கிறேன். மூடுபனியும் வண்ணக்குழம்புமாகத் தீட்டியிருந்தால் 'அந்நியமாதல்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்தப் பெட்டிகள் ஜகார்த்தாவில் என்னவாக இருந்தன என்பதை அறிந்தால் இது இன்னும் விளங்கும். 1961 கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 29 இலட்சம். 1980-ல் அது 65 இலட்சம். கிராமங்களில் பிழைக்க வழியில்லாதவர் நகரை நோக்கி வந்துகொண்டே இருந்தனர். 1970-ல் ஆளுநர் அலி சாதிகின், வேலையும் இருப்பிடமும் இல்லாத புதியவர்க்கு ஜகார்த்தா மூடப்பட்ட நகரம் என்று அறிவித்துப் பார்த்தார், வருகை நிற்கவில்லை. 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. எண்ணெய் வளமுள்ள அந்நாட்டுக்குப் பணம் பெருகியது. அயல்நாட்டு முதலும் சரக்கும் குவிந்தன. 1974 சனவரியில் ஜப்பானியப் பிரதமர் தனாகா வந்தபோது மாணவர் கிளர்ச்சி வெடித்து, ஜப்பானிய வாகனங்கள் தெருவில் எரிந்தன. 1980களில், பெச்சாக் எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டி ரிக்ஷாக்கள் நகரின் அழகுக்கு இழுக்கென்று ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்யப்பட்டு ஜகார்த்தா வளைகுடாவில் கொட்டப்பட்டன. ஒவ்வொரு வண்டியும் ஒரு குடும்பத்தின் அடுப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அதே நகரில் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்க்குப் 'பெமுலுங்' என்று பெயர். வெறும் அட்டைப்பெட்டி அவர் பொறுக்கி, எடைக்குப் போட்டு விற்கும் சரக்கு. விற்காத அட்டை இரவில் பாயாகும், சுவராகும். 'ரூமா கார்டுஸ்', அட்டை வீடு, என்பது அம்மொழியில் எல்லோரும் அறிந்த சொல். ஆகவே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வாழும் மனிதர் என்பது ஜகார்த்தாவில் ஓவியரின் கற்பனைக்குக் காத்திருந்த செய்தியன்று.

இதைத் தீட்டுவதற்கு அங்கே துணிவும் வேண்டியிருந்தது. 1965-க்கு முன் உழைப்பாளரையும் உழவரையும் தீட்டிய ஓவியர் பலர் லெக்ரா என்னும் இடதுசாரிப் பண்பாட்டு அமைப்பைச் சார்ந்திருந்தனர். அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய படுகொலையில் ஐந்து இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர். (அப்பழியில் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட இளைஞர் அணிகளுக்கும் பங்கிருந்தது. நஹ்ழத்துல் உலமாவின் தலைவராக இருந்து பின்னர் நாட்டின் அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித் 2000-ல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் மறைக்காததை நான் ஏன் மறைக்க வேண்டும்?) ஹெந்த்ரா குணவான் என்னும் பெரும் ஓவியர் 1965 முதல் 1978 வரை சிறையில் இருந்தார். அதன் பிறகு ஏழையின் முகத்தைத் தீட்டுவதே ஐயத்துக்கிடமான செயலாயிற்று. மலர், கோலம், வண்ணக் கலவை ஆகியவை ஆபத்தில்லாதவை.

1974 டிசம்பரில் ஜகார்த்தாவில் ஒரு பெருங்கண்காட்சி நடந்தது. நடுவர் ஐந்து ஓவியங்களுக்குப் பரிசளித்தனர். இளங்கலைஞர் சிலர், இவை கண்ணுக்கு இனிய அலங்காரங்கள், நாட்டு மக்களின் நிலையைத் தொடாதவை என்று கண்டன அறிக்கை விடுத்தனர். 'கறுப்பு டிசம்பர்' என்று பெயர் பெற்ற அவ்வறிக்கைக்காகக் கலைக்கல்லூரி மாணவர் சிலர் தண்டிக்கப்பட்டனர். மறு ஆண்டு, 1975-ல், புதிய கவின்கலை இயக்கம் பிறந்தது. ஜிம் சுபாங்கட், ஹார்சோனோ முதலியோர் அதில் இருந்தனர். பின்னர் அதில் சேர்ந்தவரே நம் டெடே.

இங்கே நிர்வாகப் பெரியவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. "ஹஜ்ரத், நமக்கென்று எழுத்தணிக் கலை இருக்கிறதே, அது போதாதா? மதரஸாவுக்குள் உருவப்படம் எதற்கு?" என்று அவர் கேட்டிருந்தார். அந்த ஐந்து பரிசுகளில் ஒன்று ஏ.டி. பிரோஸ் என்பவர் தீட்டிய 'வெள்ளை எழுத்து' என்னும் ஓவியத்துக்குக் கிடைத்தது. 1932-ல் ஆச்சேயில் பிறந்த பிரோஸ், அரபு எழுத்தை நவீன ஓவியத்துள் கொண்டுவந்த முன்னோடி, என் மதிப்புக்குரியவர், அவர் வேலைப்பாட்டின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எழுத்தணியும் நம் செல்வமே. ஆயினும், எழுத்து எவ்வளவு புனிதமானதாயினும் அதைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் பொருளைக் கேளாதிருக்க மனிதனுக்கு இயலும். நம் வீடுகளின் வரவேற்பறைகளில் பொன்னெழுத்தில் சட்டமிட்டுத் தொங்கும் வசனங்களைப் பாருங்கள். அவற்றுள் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவரைப் பற்றிய எச்சரிக்கையை எவரேனும் மாட்டியிருக்கிறீர்களா? வியாபாரத்தில் பரக்கத் வேண்டியும் கண்ணேறு நீங்க வேண்டியும் மாட்டியவற்றையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

அந்த எச்சரிக்கை 'அல்மாஊன்' அத்தியாயத்தில் இருக்கிறது. அநாதையை விரட்டுபவரும் ஏழையின் உணவுக்குத் தூண்டாதவருமே தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவர் என்று அது அடையாளம் காட்டுகிறது. நம் மஜ்லிஸ்களில் இதற்கு விளக்கம் சொல்லும் சிலர் என்ன செய்கிறார்கள்? 'மிஸ்கீன்' என்றால் உள்ளத்தால் வறியவர், 'உணவு' என்றால் ஆன்ம உணவு என்று உயரே ஏற்றிவிடுகிறார்கள். கேட்போர் கண்ணீர் விடுகிறார்கள். எவர் பணப்பையும் திறப்பதில்லை. என் மருமகன் படத்துக்குச் செய்ததையே இவர்கள் திருமறைக்குச் செய்கிறார்கள். தடுக்கும் கரீனா எதுவுமே இல்லாத இடத்தில் மஜாஸைப் புகுத்தி, பசித்த மனிதரை உவமையாக்கி அனுப்பிவிடுகிறார்கள்.

நம் ஃபிக்ஹு இப்படிச் செய்யவில்லை. ஜகாத் பெறுவோர் எட்டு வகையினருள் ஃபக்கீர் யார், மிஸ்கீன் யார் என்று ஷாஃபிஈ இமாம்கள் எண்ணிட்டே சொல்கிறார்கள். நாளொன்றுக்குப் பத்து தேவைப்படுபவருக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கிறது என்றால் அவர் ஃபக்கீர். ஏழோ எட்டோ கிடைத்தும் போதவில்லை என்றால் மிஸ்கீன். கடலில் பாடுபட்ட மிஸ்கீன்களுக்கு ஒரு படகு சொந்தமாக இருந்தது என்று 'அல்கஹ்ஃபு' அத்தியாயம் கூறுவதிலிருந்து, உடைமையும் தொழிலும் உடையவரும் மிஸ்கீனாகலாம் என்று சட்டம் எடுத்தார்கள். எவ்வளவு நேரான பார்வை! பெச்சாக் மிதித்தவருக்கு வண்டி இருந்தது. பெமுலுங்குக்குத் தொழில் இருக்கிறது. ஷாஃபிஈ சட்டத்தின் கண்ணில் அவர்கள் மிஸ்கீன்கள். டெடேயின் தூரிகையிலும் அதே கண்தான் எனக்குத் தெரிகிறது. அவர் இதை மார்க்கப் படமாகத் தீட்டினார் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பவன் கிதாபு ஓதியவனாக இருந்தால் இப்படியே பார்க்க முடியும் என்கிறேன்.

அந்நாட்டாரும் நாமும் ஓதுவது ஒரே கிதாபுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் மலபாரின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்', கேரளத்திலும் தமிழகக் கரையிலும் ஓதப்படுவதுபோலவே ஜாவாவின் பெசாந்திரன்களிலும் இன்றும் ஓதப்படுகிறது. ஜகார்த்தாவை அடுத்த பந்தனில் 1813-ல் பிறந்து மக்காவில் வாழ்ந்த ஷைகு நவவீ அல்பந்தனீ, அந்நூலின் மூலத்துக்கு விரிவுரை எழுதினார். ஆகவே படம் பற்றிய சட்டத்தை அந்தக் கிதாபை வைத்தே பேசுவோம். நிர்வாகப் பெரியவரும் மறுக்க மாட்டார்.

சட்டத்தை நான் நீர்த்துப்போகச் செய்ய வரவில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவோர் பற்றிய கடும் எச்சரிக்கைகள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. ஓவியம் எழுதிப் பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வரைந்தே ஆக வேண்டுமாயின் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அறிவுறுத்தினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், நிழல் விழும் சிலையாயினும் விழாத சித்திரமாயினும் உயிருள்ளதை வரைவது கூடாதென்றே எழுதியிருக்கிறார்கள். நான் ஷாஃபிஈ, அதை மதிக்கிறேன். தூரிகையை எடு என்று என் மாணவர் எவருக்கும் நான் சொன்னதில்லை. ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டு உருவத் திரையின் செய்தியையும் முழுமையாகப் படியுங்கள். தொங்கும்போது அண்ணலார் (ஸல்) வெறுத்த அதே துணி, கிழித்துத் தலையணையாக்கப்பட்டபின் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. உயர்த்தி மாட்டுவதும் கீழே கிடப்பதும் வேறு வேறு என்று இமாம்கள் சட்டம் பிரித்தது இதைக் கொண்டே. நான் படத்தை மாட்டவில்லை; கிதாபோடு கையில் வைத்துக் காட்டினேன்; பாடம் முடிந்ததும் மடித்து வைத்தேன்.

புகைப்படத்தைப் பொறுத்தவரை, எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, அது படைப்பைப் போலச் செய்வதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூறி அனுமதித்தார். அப்படியானால் அனுமதிக்கப்பட்ட நிழலைப் பார்த்துத் தடுக்கப்பட்ட கையால் எழுதிய இவ்வோவியம் எந்தப் பக்கம் சேரும்? முஃப்திகளுக்குச் சுவையான கேள்வி. கையால் எழுதியதாகையால் வரைவதன் சட்டமே இதற்கும் என்பது என் சிற்றறிவுக்கு எட்டியது. மறுப்பவர் ஆதாரத்தோடு எழுதட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே 'ஃபத்ஹுல் முஈன்' வலீமா பாடத்தில், விருந்து நடக்கும் இடத்துச் சுவரிலோ தொங்கும் திரையிலோ உயிருள்ளவற்றின் உருவம் இருந்தால் விருந்துக்குச் செல்லும் கடமை நீங்கிவிடும் என்று இருக்கிறது. இன்று நம் திருமண மண்டபங்களில் மேடைக்கு இருபுறமும் ஆள் உயரத் திரைகளில் மணமக்களின் படம் ஓடுகிறது. எத்தனை பெரியவர்கள் வாசலோடு திரும்பினார்கள்? முன்வரிசையில் அமர்ந்து பிரியாணி உண்டபோது நினைவுக்கு வராத சட்டம், ஏழையின் படம் ஒன்று வகுப்பறைக்குள் வந்ததும் எப்படி நினைவுக்கு வந்தது? சட்டத்தின்மீது எனக்கு வழக்கில்லை. அதை வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது ஏற்றும் திரைச்சீலையாக்கிக்கொண்டோம் என்பதே என் வழக்கு.

உருவத்தை இமாம்கள் அஞ்சியதற்குக் காரணங்களுள் ஒன்று, அது மகத்துவப்படுத்தப்படும் என்பது. நம் வீட்டில் எது மகத்துவப்படுத்தப்படுகிறது? வளைகுடாவிலிருந்து கயிற்றால் இறுகக் கட்டி, பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதி வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளை நாம் அறிவோம். அதிலிருந்த பொருள் பழுதாகி எறியப்பட்டும் பெட்டி மட்டும் பரணில், கம்பெனிப் பெயர் வெளியே தெரியும்படி, ஆண்டுக்கணக்கில் இருக்கும் வீடுகள் உண்டு. என் வீட்டிலும் ஒன்று இருந்தது. டெடேயின் படத்தைப் பார்த்த அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்தப் பரணை அண்ணாந்து பார்த்தேன். மனைவி, "என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றார்கள். சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெட்டிக்கு விலையாகத் தன் இளமையைப் பாலைவெயிலில் கொடுத்துவிட்டு வந்த என் தம்பியும் அந்தப் புதிர்வழியில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறான் என்று அப்போது தோன்றியது.

இதை என் மருமகனிடம் சொன்னபோது அவர் முதன்முறையாகப் பேசாமல் இருந்தார். பிறகு, படத்தில் உள்ளவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மறுபடியும் பார்க்க வேண்டும், பிரதியைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். என்ன கண்டார் என்று நானும் கேட்கவில்லை.

நிர்வாகப் பெரியவரின் முடிவு எழுத்தில் வந்திருக்கிறது. மதரஸாச் சுவர்களில் உருவப்படம் எதுவும் மாட்டக் கூடாது என்கிறது அது. அதில் கையொப்பமிட எனக்குத் தடையில்லை, இட்டுவிட்டேன். சுவரைப் பற்றிப் பேசும் அந்தத் தாள், ஆசிரியர் கையிலிருக்கும் கிதாபைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஷவ்வாலில் மதரஸா திறந்து, ஆண்டின் நடுப்பகுதியில் மீண்டும் கினாயா பாடம் வரும். பிரதி 'முக்தஸ'ரின் அந்தப் பக்கத்திலேயே மடித்திருக்கிறது.